பழைய மேசைக் கணினியில் புதிய டிவிடி டிரைவ்: ஓர் அச்சகத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் சிறிய அச்சகம் ஒன்றில், 2022-ஆம் ஆண்டு, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்த நிகழ்வு இது. அச்சக உரிமையாளர், அங்கே வடிவமைப்புப் பணி செய்யும் இளைஞர், கணினி பழுதுபார்க்க அழைக்கப்பட்ட நான் ஆகிய மூவரே இதில் தொடர்புடையவர்கள். திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, கோயில் மலர் ஆகியவையே அச்சகத்தின் அன்றாட வேலை.

வடிவமைப்பு இன்னமும் 2004-இல் வாங்கிய மேசைக் கணினியில்தான் நடக்கிறது. பென்டியம் 4 செயலி, இன்டெல் 865 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 1 ஜிபி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் என்பது அதன் அமைப்பு. இவ்வளவு பழைய கணினியை விடாமல் வைத்திருப்பதற்குப் பிடிவாதம் காரணமன்று. அவர்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துரு மென்பொருள், கணினியின் பின்புறப் பிரிண்டர் போர்ட்டில் செருகிய 'லாக்' என்னும் சிறிய உரிமக் கருவி இருந்தால் மட்டுமே இயங்கும். புதிய கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அந்த எழுத்துருக்களைக் கொண்டு உருவாக்கிய கோப்புகளை வேறு எங்கே திறந்தாலும் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு, கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிப்பதற்கான யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்ற பிறகும், சிற்றூர் அச்சகங்கள் பல பழைய குறியாக்கத்திலேயே தங்கிவிட்டதற்கு, இப்படிச் சேர்ந்துபோன கோப்புகளே பெருங்காரணம்.

முடிந்த வேலைகளைச் சிடியிலும் டிவிடியிலும் எழுதி, உறையில் பெயரும் தேதியும் குறித்து, மர அலமாரியில் அடுக்கி வைப்பது அச்சகத்தின் வழக்கம். 2010-இல் தாங்கள் அச்சிட்ட குடமுழுக்கு மலரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் அடுத்த குடமுழுக்குக்காக விரிவாக்கித் தர வேண்டும் என்று ஒரு கோயில் நிர்வாகம் கேட்டபோது, அந்த அலமாரியைத் திறக்க வேண்டியதாயிற்று. மலரின் பக்கங்களும் பெரும்பாலான படங்களும் ஒரு டிவிடி-ஆர் வட்டிலும், எஞ்சிய படங்கள் மூன்று சிடி-ஆர் வட்டுகளிலும் இருந்தன. பத்து நாள்களில் மெய்ப்பு காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

என்னை அழைப்பதற்கு முன் நடந்தவை

கணினியின் உள்ளே பொருத்தியிருந்த, ஐடிஇ என்னும் பழைய இணைப்பு வகை டிவிடி ரைட்டர் அந்த டிவிடியைப் படிக்கவில்லை. பழைய வட்டெழுதும் மென்பொருள்தான் தடுக்கிறது என்று கருதிய இளைஞர் அதை நீக்கினார். கணினியை மீண்டும் இயக்கியபோது, அதுவரை 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் தெரிந்துகொண்டிருந்த டிவிடி டிரைவே மறைந்துபோயிற்று. டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அன்றைய நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள்.

ஐடிஇ டிரைவ் புதிதாகக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால், யுஎஸ்பி வழி இணையும் மெல்லிய வெளிப்புற டிவிடி ரைட்டர் ஒன்றை வாங்கினார்கள். அதன் பெட்டியில் எக்ஸ்பி தொடங்கி விண்டோஸ் 10 வரை அனைத்துக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. சிபியுவின் முன்புறப் போர்ட்டில் செருகியதும் விளக்கு எரிந்தது, தட்டு திறந்தது. ஆனால் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் டிரைவ் தெரியவில்லை. கடையில் கொடுத்து மாற்றி வாங்கிய இரண்டாவது டிரைவும் அப்படியே இருந்தது. கடைக்காரரின் கணினியிலோ இரண்டுமே குறையின்றி வேலை செய்தன. உரிமையாளர் என்னிடம் தொலைபேசியில் சொன்னது இது: "தம்பி, பழசும் தெரியல, புதுசும் தெரியல. சிடின்னா என்னன்னே கம்ப்யூட்டர் மறந்துட்டாப்ல இருக்கு." பின்னால் யோசித்தபோது, அவர் கூறியது பழுதின் ஒரு பாதியைப் பற்றிய மிகச் சரியான விளக்கம் என்பது புரிந்தது.

முதல் வருகையும் எனது பிழையும்

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் உள் டிரைவ், வெளி டிரைவ் இரண்டுக்கும் மஞ்சள் குறியும் 39 என்ற பிழை எண்ணும் இருந்தன. இணைப்பு முறையால் வேறுபட்ட இரண்டு டிரைவ்கள் ஒரே நேரத்தில் ஒரே பிழையைக் காட்டினால், குறை அவற்றில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். வட்டெழுதும் மென்பொருள்கள் சில, டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையில் தம்முடைய வடிகட்டி நிரல்களைச் செருகி, அவற்றின் பெயர்களை ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரு பதிவுகளில் எழுதி வைக்கும். மென்பொருளை நீக்கும்போது வடிகட்டிக் கோப்பு போய்விட்டு, பதிவு மட்டும் தங்கிவிடுவது உண்டு. இல்லாத கோப்பைத் தேடித் தோற்கும் விண்டோஸ், அந்த வகையைச் சேர்ந்த எல்லா டிரைவ்களையும் நிறுத்திவைத்துவிடும்.

ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை ஒரு கோப்பாகப் படியெடுத்து வைத்துக்கொண்டு, இரு பதிவுகளையும் நீக்கிக் கணினியை மீண்டும் இயக்கினேன். இரண்டு டிரைவ்களும் தெரிந்தன. மேசையில் கிடந்த ஒரு பாட்டுச் சிடியை வெளி டிரைவில் போட்டுப் பார்த்தேன், படித்தது. அதையே உள் டிரைவிலும் போட்டேன், அதிலும் படித்தது. பழுது நீங்கியது என்று கூறி, அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

கண்டறிந்தது சரி, சோதித்த முறைதான் தவறு. அவர்களுக்குத் தேவைப்பட்டது பன்னிரண்டு ஆண்டுப் பழைமையான, எழுதப்பட்ட ஒரு டிவிடி. நான் சோதித்ததோ ஆலையில் அச்சு வார்த்து வந்த ஒரு சிடி, அதுவும் ஒரே ஒரு முறை. அந்த டிவிடி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மறுநாள் கண்டவை

மறுநாள் காலை மீண்டும் அழைப்பு வந்தது. உள் டிரைவில் போட்டால் டிவிடி சுழல்கிறது, ஆனால் வட்டு இல்லை என்கிறது. வெளி டிரைவில் போட்டால் சுழலத் தொடங்கிச் சில நொடிகளில் 'டக்' என்ற ஒலியுடன் விளக்கு அணைந்து, டிரைவே பட்டியலிலிருந்து மறைகிறது. யுஎஸ்பி சாதனம் ஒன்று சரியாக இயங்கவில்லை என்ற அறிவிப்பும் வருகிறது என்றார்கள்.

இரண்டு டிரைவ்களும் சிடியைப் படிக்கின்றன, டிவிடியைப் படிக்கவில்லை. முந்தைய நாள் ஒரே அறிகுறிக்கு ஒரே காரணம் இருந்ததால், இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை மென்பொருளிலேயே செலவிட்டேன். காரணங்கள் வேறுவேறாக இருந்தன.

உள் டிரைவின் காரணம் எளியது. டிவிடி டிரைவில் இரு லேசர்கள் உண்டு: சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்று, டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டரில் மற்றொன்று. ஒன்று தேய்ந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். வேறு இரண்டு டிவிடிகளைப் போட்டும் அது படிக்காததால், டிவிடிக்குரிய லேசர் தீர்ந்துவிட்டது என்று கொண்டேன். இளைஞர் முதன்முதலில் சந்தித்த குறை இதுவே. மென்பொருளை நீக்கியது அதன்மேல் இன்னொரு குறையைச் சேர்த்தது.

வெளி டிரைவின் காரணம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே. 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 தான் இதை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. எங்கள் டிரைவின் அடியில் சிறிய எழுத்தில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் விண்டோஸின் பெயர்களும், டிரைவின் அடியில் சிறிய எழுத்தில் மின்தேவையும் இருப்பது இத்தகைய பொருள்களில் வழக்கமாகிவிட்டது. வாங்குபவர் படிப்பது முன்னதை. பழைய கணினியில் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது பின்னது.

பழைய மதர்போர்டுகள் 500-ஐத் தாண்டியதும் மின்சாரத்தைத் துண்டிப்பவை அல்ல. பெரும்பாலும் இரண்டிரண்டு போர்ட்டுகளுக்குத் தானாக மீளும் ஃபியூஸ் ஒன்றைப் பொதுவாக வைத்திருப்பவை. ஆகவே டிரைவ் கூடுதலாக இழுக்கும்போது மின்சாரம் நிற்பதில்லை, மின்னழுத்தம் தாழ்கிறது. முன்புறப் போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து மெல்லிய கம்பிகள் வழியாக மின்சாரம் பெறுவதால் அங்கே தாழ்வு இன்னும் கூடும். இடையில் செருகும் சிறிய யுஎஸ்பி மீட்டரைக் கொண்டு அளந்தபோது, முன்புறப் போர்ட்டில் டிரைவ் சும்மா இருக்கையில் 5.0 வோல்ட்டும், சிடி சுழல்கையில் 4.7 வோல்ட்டும் காட்டியது. டிவிடியைப் போட்டதும் 4.3 வரை இறங்கி, டிரைவின் இணைப்பு அறுந்தது. பழைய டிவிடியைப் படிக்க முயலும் டிரைவ், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மறுபடி மறுபடி முயன்றது. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் மின்தேவை உச்சத்தைத் தொட்டது. அதே பாட்டுச் சிடியை ஐந்து முறை போட்டுப் பார்த்தபோது, அதிலும் ஒரு முறை டிரைவ் அறுந்தது. முதல் நாள் இரண்டு முறை கூடுதலாகச் சோதித்திருந்தால் ஒருவேளை அன்றே தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்துப் போர்டுகள் சிலவற்றில், யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியின் முதன்மை 5 வோல்ட் இணைப்பிலிருந்தா, காத்திருப்பு நிலைக்கான 5 வோல்ட் இணைப்பிலிருந்தா மின்சாரம் வர வேண்டும் என்பதை ஜம்பர் என்னும் சிறு செருகி தீர்மானிக்கும். காத்திருப்பு இணைப்பு ஓரிரு ஆம்பியரை மட்டுமே தாங்கும் என்பதால் அதையும் பார்த்தேன். இந்தக் கணினியில் அது முதன்மை இணைப்பிலேயே இருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

இந்த இடத்தில்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: இந்த வட்டை இந்தக் கணினியில்தான் படிக்க வேண்டுமா? அச்சகத்தில் பில் போடுவதற்காக 2018-இல் வாங்கிய விண்டோஸ் 10 கணினி ஒன்று இருந்தது. அதில் வட்டு டிரைவ் இல்லை. ஆனால் யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் இருந்தன. வடிவமைப்பு வட்டுகள் வடிவமைப்புக் கணினிக்கு உரியவை என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் ஊறியிருந்ததால், நான்கடி தள்ளியிருந்த அந்தக் கணினி யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் கூட.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். கெடு உள்ள மலரை உடனே பில் கணினியில் படித்தெடுப்பது முதலாவது. பழைய கணினியில் வெளி டிரைவை நிலையாக இயங்கச் செய்வது இரண்டாவது. எழுத்துரு மென்பொருளின் மூல வட்டும் எக்ஸ்பி வட்டும் சிடிகளாகவே இருப்பதால், என்றாவது ஒருநாள் அந்தக் கணினியை மீட்டமைக்க அதற்கு நம்பகமான டிரைவ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் அது இன்றைக்கே நடக்க வேண்டியதில்லை. இப்படிப் பிரித்ததும் அனைவருக்கும் இருந்த பதற்றம் தணிந்தது.

படித்தெடுத்தலும் எதிர்பாராத மூன்று தடைகளும்

பில் கணினியில் டிவிடி முதல் முயற்சியிலேயே திறந்தது. முழு வட்டையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்தேன், 4.3 ஜிபி வந்தது. அதைப் பென்டிரைவில் போட முயன்றபோது கோப்பு மிகப் பெரியது என்ற பொருளில் மறுப்பு வந்தது. 16 ஜிபி பென்டிரைவ் வெறுமையாகவே இருந்தது. அது ஃபேட்32 என்னும் கோப்பு முறையில் அமைக்கப்பட்டது. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் அதை இந்த எக்ஸ்பி தனி இணைப்பு நிரல் இல்லாமல் படிக்காது.

வலைப்பின்னல் வழியே அனுப்பலாம் என்றால், எக்ஸ்பி பேசுவது கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே. 2017-க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் பாதுகாப்புக் காரணங்களுக்காக அது இயல்பில் நிறுவப்படுவதில்லை. பில் கணினியில் அதைத் திறந்துவிட எனக்கு மனமில்லை. கணக்கு இருக்கும் கணினி அது.

பிறகுதான், படிமத்தைப் பழைய கணினிக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை என்பது உறைத்தது. எக்ஸ்பியில் படிமக் கோப்பைத் திறக்கும் வசதி இயல்பாகக் கிடையாது. அங்கே வேண்டியவை உள்ளே இருக்கும் தனித்தனிக் கோப்புகள் மட்டுமே. அவற்றில் மிகப் பெரிய படமே சுமார் 100 எம்பிதான். படிமத்தைக் காப்புப் பிரதியாகப் பில் கணினியில் வைத்துவிட்டு, கோப்புறைகளை அப்படியே பென்டிரைவில் படியெடுத்தோம்.

பழைய கணினியில் பென்டிரைவைச் செருகிப் படியெடுக்கத் தொடங்கியதும் மூன்றாம் தடை தெரிந்தது. நொடிக்குச் சுமார் 900 கேபி என்ற வேகத்தில் அது ஊர்ந்தது. அந்தக் கணக்கில் முழுவதும் வந்துசேர 80 நிமிடங்களுக்கு மேலாகும். இது நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே கடத்தும் யுஎஸ்பி 1.1-இன் வேகம். ஆனால் 865 சிப்செட் 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0-ஐத் தரக்கூடியது, எக்ஸ்பியும் முதல் சர்வீஸ் பேக் முதலே அதை ஏற்கிறது. தொடக்க அமைப்புகளுக்கான பயாஸ் திரையைத் திறந்து பார்த்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. அந்த அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, அவை தொடக்க நிலைக்குத் திரும்பி, யுஎஸ்பி 2.0 தாழ்வேக முறையில் நின்றிருந்தது. சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றி, அந்த அமைப்பை உயர்வேக முறைக்குக் கொண்டுவந்தேன். எஞ்சியவை சில நிமிடங்களில் வந்துவிட்டன.

வட்டு டிரைவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. டிவிடியின் ஒற்றை வேகம் என்பதே நொடிக்கு 1,385 கேபி. மின்சாரம் சரியாக இருந்திருந்தாலும், தாழ்வேக யுஎஸ்பியில் அந்த டிரைவ் ஒற்றை வேகத்தைக்கூட எட்டியிருக்காது. எழுதும் வேலை கொடுத்திருந்தால் தரவு போதிய விரைவில் வந்துசேராமல் வட்டுகள் வீணாகியிருக்கக்கூடும்.

மூன்று சிடி-ஆர் வட்டுகளில் இரண்டு எளிதில் படிக்கப்பட்டன. மூன்றாவதில் வெளி விளிம்பை ஒட்டிய கோப்புகளில் வெளி டிரைவ் தடுமாறியது. சிடியில் தரவு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், கைரேகையும் கீறலும் அதிகம் விழும் விளிம்பில் இருப்பவை கடைசியாக எழுதப்பட்ட கோப்புகளே. செத்ததாக ஒதுக்கிய உள் டிரைவில் அதைப் போட்டேன். டிவிடியைப் படிக்காத அந்த டிரைவ், இரண்டு படங்களைத் தவிர அனைத்தையும் படித்துக் கொடுத்தது.

டிரைவை நிலைப்படுத்தியது

அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு வந்தோம். மதர்போர்டின் பிசிஐ விரிவாக்க இடத்தில் புதிய யுஎஸ்பி அட்டை பொருத்துவது போர்ட்டுகளைக் கூட்டுமே தவிர, ஒரு போர்ட்டுக்குரிய மின்னளவைக் கூட்டுவதில்லை என்பதால் அதை விலக்கினேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஐடிஇ டிரைவ் தேடலாம். ஆனால் அதன் லேசரும் எவ்வளவு தேய்ந்தது என்று வாங்கும்போது தெரியாது.

தற்காலிகமாக, இரு முனைகளைப் போர்ட்டுகளில் செருகும் 'ஒய்' வடம் ஒன்றை வாங்கிப் பின்புறப் போர்ட்டுகளில் பொருத்தினேன். ஒரே ஃபியூஸில் அமைந்த அடுத்தடுத்த இரு போர்ட்டுகளில் செருகினால் பயன் குறைவு என்பதால், தள்ளியிருந்த இரண்டைத் தேர்ந்தேன். மின்னழுத்தம் 4.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பத்து முறை போட்டும் டிவிடி அறுபடவில்லை. ஆயினும் யுஎஸ்பி தரவிதிகள் இத்தகைய வடத்தை ஏற்பதில்லை. யாராவது ஒரு முனையை வேறொன்றுக்காகப் பிடுங்கிவிட்டால் பழைய கதை திரும்பும். அச்சகத்தில் அது நடந்தே தீரும் என்பது என் கணிப்பு.

நிலையான தீர்வாக, தனி அடாப்டர் உள்ள ஓர் உறையில் மேசைக் கணினிக்குரிய பெரிய சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு வகை) டிவிடி ரைட்டரைப் பொருத்தி, அதைப் பழைய கணினியின் பின்புறப் போர்ட்டில் இணைத்தோம். இந்த அமைப்பில் டிரைவுக்கு வேண்டிய 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சுவரிலிருந்தே வருகின்றன. யுஎஸ்பி வடம் தரவை மட்டும் கடத்துகிறது. அடாப்டருடன் வரும் யுஎஸ்பி ஹப் இதைவிட மலிவு. ஆனால் மலிவான ஹப்புகள் சில, தம் மின்சாரத்தைக் கணினிக்குள்ளேயே திருப்பிச் செலுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டு உழைத்த போர்டில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டேன். புதிய டிரைவிலிருந்து எக்ஸ்பி வட்டு தொடங்குகிறதா என்பதையும் பார்த்தேன். பயாஸின் தொடக்க வரிசையில் யுஎஸ்பி சிடிரோமை முதலில் வைத்ததும் தொடங்கியது.

விளைவு

மலரின் பக்கங்கள் பேஜ்மேக்கரில் எழுத்துப் பிசகாமல் திறந்தன. கிடைக்காமல் போன இரண்டு படங்களை அச்சான மலரிலிருந்தே ஸ்கேன் செய்தார்கள். அச்சுப் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் இளைஞர் அவற்றை மென்மையாக்க வேண்டியிருந்தது. மூலப் படத்தின் தெளிவு வரவில்லை. மெய்ப்பு ஒன்பதாம் நாள் கோயில் நிர்வாகத்துக்குப் போனது.

அலமாரியில் இருந்த மற்ற வட்டுகளையும் மெல்லிய டிரைவைக் கொண்டு பில் கணினியில் ஒவ்வொன்றாகப் படித்து, இரண்டு வன்தட்டுகளில் சேர்க்கும் வேலையை இளைஞர் தொடங்கினார். விளிம்பில் தடுமாறும் சிடிகள் மட்டும் பழைய உள் டிரைவுக்குப் போகின்றன.

இனி மாற்றிக்கொள்வன

சோதனைக்கு வாடிக்கையாளர் எந்த வட்டைப் படிக்க வேண்டும் என்கிறாரோ அதையே, குறைந்தது மூன்று முறை பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டேன். வெளி டிரைவ் பற்றிய அழைப்பு வந்தால், கிளம்பும் முன்பே தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: டிரைவின் அடியில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, முன்புறம் செருகியிருக்கிறதா பின்புறமா, கணினியின் கடிகாரம் சரியான தேதியைக் காட்டுகிறதா. மூன்றாவது கேள்விக்கும் சிடிக்கும் என்ன தொடர்பு என்று பலர் திருப்பிக் கேட்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவது இப்போது என் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது, இந்த நிகழ்வில் அது பாதிக் காரணமாக இருந்தபோதிலும். மீட்டரைச் செருகிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதனால் எதுவும் கெடுவதில்லை.

பிரிண்டர் போர்ட் லாக் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பழுதானால், படித்தெடுத்த கோப்புகள் அத்தனையும் வன்தட்டில் பத்திரமாக இருந்தும் திறக்க வழியிராது. ஆகவே முக்கியமான மலர்களின் ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்துருவோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். உரிமையாளர் ஒப்புக்கொண்டார், குடமுழுக்கு முடியட்டும் என்றார்.